அத்தானுக்கு வாங்கின துப்பாக்கி

எங்க அக்காவைக் கட்டின அத்தானுக்கு முத்து ஏவாரம். கடல்ல முத்துக்குளிச்சே பல வருஷமாச்சே, பின்ன என்ன முத்து ஏவாரம்னு வெளியூர்க்காரங்க கேப்பாங்க. கடல்ல இல்லாட்டி என்ன, வீடுகள்ல இருந்துச்சு. வேம்பார்ல இருந்து பெரியதாழை வரைக்கும் கரையோரத்து வீடுகள்ல பழைய முத்து பெட்டிக்குள்ள கிடந்துச்சு. மகளுக்குக் கல்யாணம், வள்ளத்துக்குப் புதுப் பாய்னு ஒரு தேவை வந்தா அத்தானுக்குத் தாக்கல் சொல்லி ஆள் வரும். போயி, சன்னலோரமா வெள்ளைத் துணிய விரிச்சு ஒவ்வொண்ணா உருட்டிப் பாப்பாரு. வாங்கினதைச் சிவப்புத் துணியில முடிஞ்சு மடியில சொருகிக்கிட்டு வில்வண்டியில திரும்பி வருவாரு. வண்டிக்காரரைத் தவிர துணைக்கு ஆள் கிடையாது.

நான் தூத்துக்குடி துறைமுகத்துல ஒரு கப்பல் ஏஜெண்டு ஆபீஸ்ல கிளார்க்கு. வயசு இருபத்தஞ்சு. இங்கிலீஷ் தெரியும்ங்கிற திமிரு தலைக்கு மேல இருந்துச்சு, வாயும் அதுக்குத் தக்கன நீளம். அத்தான் எனக்கு நேர் மாறு. மனுஷன் குரலை உயர்த்திப் பேசி நான் கேட்டதில்லை. மரியாதைன்னா அவருக்கு உசிரு. எங்க பக்கம் ஒரு பழக்கம் உண்டு. வேட்டிய முழங்காலுக்கு மேல மடிச்சுக் கட்டியிருக்கும்போது பெரியவங்க யாரும் எதிர வந்தா உடனே இறக்கி விட்ரணும். மடிச்சுக் கட்டின வேட்டியோட பெரியவங்க முன்னால நிக்கது திமிருன்னு பேரு. நாங்கல்லாம் ஆளைப் பாத்து இறக்குவோம். அத்தான் யாரைப் பாத்தாலும் இறக்குவாரு. கோயில் குருக்களுக்கும் இறக்குவாரு, தபால்காரருக்கும் இறக்குவாரு. "என்ன அத்தான், உங்க வேட்டி துறைமுகத்துக் கொடி கணக்கா நாள் பூரா ஏறி இறங்குது"ன்னு நான் கேலி பண்ணுவேன். சிரிச்சுக்கிட்டே போயிருவாரு.

அப்பேர்ப்பட்ட மனுஷனுக்கும் ஒரு பகை வந்துச்சு. கடைத்தெருவுல எங்க அத்தான் கடைக்கு எதிர்த்தாப்புல இன்னொரு முத்துக்கடை. அந்தக் கடை அண்ணாச்சிக்கு அறுபது வயசு இருக்கும். யுத்தம் முடிஞ்ச மறு வருஷம் பம்பாய்ல இருந்து ஒரு சேட்டு முத்து வாங்க வந்தாரு. அண்ணாச்சி காட்டின ஒரு பெரிய முத்தைக் கையில வாங்கிட்டு, நேரா அத்தான்கிட்ட வந்து, "நீங்க சொல்லுங்க, இது எப்படி?"ன்னு கேட்டுட்டாரு. பழுப்பேறின முத்தோட மேல் தோலை உரிச்சு எடுத்தா உள்ள இருந்து புதுப் பளபளப்பு வரும். அப்படி உரிச்சதைச் சொல்லித்தான் விக்கணும். அத்தானுக்குப் பொய் சொல்ல வராது. "தோல் உரிச்ச முத்துங்க"ன்னு மெதுவாத்தான் சொன்னாரு. ஆனா கடைத்தெருவுல எது மெதுவா இருக்கும்? அண்ணாச்சி தெருவுல இறங்கிட்டாரு. "நேத்து வந்த பய என் முத்தைப் பழுது சொல்லுதியோ? வேம்பார் ரோட்டுல தனியாத்தானலே போற? அங்கன வச்சுப் பாத்துக்கிடுதேன்"னு ஊர் கேக்கக் கத்துனாரு. அப்பவும் அத்தான் வேட்டிய இறக்கி விட்டுட்டுத் தலையைக் குனிஞ்சுதான் நின்னாரு.

மூணு வாரம்கூட ஆகலை. வேம்பார்ல இருந்து வரும்போது, விளக்கு வைக்கிற நேரத்துல, உடைமுள்ளு அடந்து கிடந்த உடங்காட்டுக்குள்ள ரெண்டு பேரு முகத்துல துண்டைச் சுத்திக்கிட்டு வண்டியை மறிச்சிட்டானுவ. கம்பால தலையில ஒரு அடி. முடிச்சைப் பிடுங்கிட்டுப் போயிட்டானுவ. அத்தான் வீட்டுக்கு வரும்போது சட்டைக் காலர்ல ரத்தம் காஞ்சு விறைச்சுக் கிடந்துச்சு.

அக்கா முதல்ல அவரை வஞ்சா. அவளும் என் ரத்தம்தான, கோபம்தான் முன்னால வரும். "ஊருக்கெல்லாம் கும்பிடு போடுதீகளே, யாராவது ஒருத்தன் வந்து காப்பாத்தினானா? மண்டை ரெண்டாப் போயிருந்தா நானும் எம்பிள்ளையும் எங்கன போய் நிப்போம்?"னு கத்தினா. அவளுக்கு ஆறு வயசுல ஒரு மக. வஞ்சு முடிச்சு, வெந்நி வச்சு, காயத்தைக் கழுவும்போதுதான் அழுகை வந்துச்சு அவளுக்கு. மறுநாள் என் ஆபீஸ் வாசலுக்கே வந்துட்டா. "ஏலே, பேப்பர் பேப்பரா இங்கிலீஷ்ல எழுதுதியே, ஒரு துப்பாக்கிக்கு எழுதிப் போடு. எனக்கு முத்தும் வேண்டாம், ஒரு மண்ணும் வேண்டாம். அவுக உசுரோட வீட்டுக்கு வரணும்"னா.

எழுதிப் போட்டேன். போலீஸ்ல விசாரிச்சாங்க, தாசில்தார் விசாரிச்சாரு. கடைசியா திருநெல்வேலில ஒரு பெரிய அதிகாரி முன்னால போயி நின்னோம். அத்தான் வழக்கம்போல வேட்டிய இறக்கி விட்டு, மேல்துண்டைக் கக்கத்துல இடுக்கிக்கிட்டு நின்னாரு. அதிகாரி என்னையப் பாத்து, "இவரா துப்பாக்கி கேக்காரு?"ன்னாரு. நான் அடிபட்ட தலையைக் காட்டினேன். நாலு மாசத்துல லைசென்ஸ் வந்துச்சு. பட்டாளத்து அளவுத் தோட்டா போடுற துப்பாக்கி கூடாது, சின்ன அளவுதான்னு அதுல போட்டிருந்துச்சு.

அந்த நாலு மாசமும் நான் துப்பாக்கிப் பைத்தியமா அலைஞ்சேன். கப்பல்ல வார வெள்ளைக்கார மாலுமிகள்கிட்ட வாய் கொடுத்துக் கேப்பேன். கேட்லாக் வரவழைச்சு வரி விடாமப் படிச்சேன். ஒளிச்சு வைக்கணும், எடுத்தா உடனே சுடணும், உப்புக் காத்துல கெட்டுப் போகக் கூடாது. இது மூணும்தான் எங்களுக்கு வேணும். இதுல ரெண்டு இருக்கும், மூணாவது இருக்காது. பெருசா இருந்தா நம்பலாம், ஆனா வெளியத் தெரியும். சின்னதா இருந்தா தெரியாது, ஆனா மணலும் வேர்வையும் பட்டா மக்கர் பண்ணும். அத்தான்கிட்ட இதையெல்லாம் நான் பிரசங்கம் பண்ணுவேன். அவரு, "நீ பாத்துச் சொன்னாச் சரிதான் மாப்ளே"ன்னுருவாரு.

ரெண்டு பேரும் ரயிலேறி மெட்ராஸ் போனோம். மவுண்ட் ரோட்டுல ஒரு துப்பாக்கிக் கடை. கடையில ஒரு வயசான சட்டைக்காரர், பாதி வெள்ளைக்கார வம்சம், கோட்டு போட்டுக்கிட்டு, மூக்குக் கண்ணாடியை நெத்தியில ஏத்தி வச்சிருந்தாரு. புதுச் சரக்கே வாரதில்லை, எல்லாம் கைமாறினதுதான்னாரு. மேசையில பச்சைத் துணிய விரிச்சு மூணை எடுத்து வச்சாரு. ஒண்ணு குட்டை ரிவால்வர். இன்னொண்ணு நடுத்தரப் பிஸ்டல். மூணாவது என் உள்ளங்கைக்குள்ளயே அடங்கிற சின்னப் பிஸ்டல், தட்டையா, சீட்டுக்கட்டு மாதிரி.

கிழவர் ரிவால்வரைத்தான் முன்னால தள்ளினாரு. "உங்க ஆளுக்கு இதுதான் சரி. ஒரு தோட்டா வெடிக்கலைன்னா மறுபடி விசையை இழுத்தா அடுத்த தோட்டா வந்து நிக்கும். யோசிக்கவே வேண்டாம். பயந்தவன் கையில யோசிக்க வேண்டாத துப்பாக்கிதான் இருக்கணும்"னு இங்கிலீஷ்ல சொன்னாரு. நான் அத்தானுக்குச் சொன்னேன். அத்தான் அதை எடுத்து, சட்டைக்குள்ள இடுப்பு வார்ல சொருகிப் பாத்தாரு. சட்டைக்கு மேல வயிறு துருத்திக்கிட்டு நின்னுச்சு. "என்ன அத்தான், எத்தனையாம் மாசம்?"னேன். அத்தானே குலுங்கிக் குலுங்கிச் சிரிச்சிட்டாரு. நடுத்தரப் பிஸ்டலும் அப்படித்தான், நடந்தா தட்டுப்பட்டுச்சு. சின்னதைச் சொருகினா இருக்கிற இடமே தெரியலை. கடைக்குள்ள நாலு நடை நடந்தாரு, உக்காந்தாரு, எந்திரிச்சாரு. ஒண்ணுமே தெரியலை.

கிழவர் தலையை ஆட்டினாரு. "சின்னது வேண்டாம். இது கீழ விழுந்தா என்ன செய்யும்னு சொல்ல முடியாது. வாங்கித்தான் தீருவேன்னா ஒண்ணு செய்யணும். இந்த மேல் தகட்டைப் பின்னால இழுத்து விட்டா ஒரு தோட்டா குழாய்க்குள்ள ஏறி உக்காரும். சுடப் போற நேரத்துல மட்டும்தான் அதை இழுக்கணும். மத்த நேரம் குழாய் காலியா இருக்கணும்"னாரு. அதையும் அத்தானுக்குச் சொன்னேன். ஒரு தடவை இல்லை, மூணு தடவை. குழாயைக் கண்ணுக்கு நேராக் காட்டி, "இங்கன ஒண்ணும் இருக்கக் கூடாது அத்தான், கேட்டியளா?"ன்னு சொன்னேன். அதுல நான் குறை வைக்கலை.

குறை வச்சது வேறதுல. ரிவால்வரா, சின்னதான்னு அத்தான் என் மூஞ்சியைப் பாத்தாரு. கடைக்குப் பின்னால மணல் மூட்டை அடுக்கி வச்சிருந்த இடத்துல ரெண்டையும் சுட்டுப் பாத்தோம். சின்னது பத்துக்குப் பத்தும் வெடிச்சுது, ஒண்ணுகூட மாட்டிக்கிடலை. எனக்கு அதோட அழகுல மயக்கம். படிச்ச கேட்லாக்கு எல்லாம் அதைத்தான் புகழ்ந்திருந்துச்சு. "கிழவர் பழைய காலத்து ஆளு அத்தான். இதை எடுங்க. இருக்கிறதே ஒருத்தனுக்கும் தெரியாது"ன்னேன். அவரு எடுத்துக்கிட்டாரு. அந்த ரிவால்வரை வாங்கியிருந்தா மடியில வச்சிருக்கவே முடியாது. தோல் உறை போட்டு வார்ல கட்டித்தான் ஆகணும். கட்டியிருந்தா விழுந்திருக்காது. கூறுகெட்டவன் நான், அழகைப் பாத்தேன்.

ஊருக்கு வந்து ஒரு ஞாயித்துக்கிழமை உப்பளத்துக்கு அந்தப் பக்கம், ஆள் நடமாட்டம் இல்லாத பொட்டல்ல, சுட்டுப் பழகினோம். அக்காவும் வருவேன்னு அடம் பிடிச்சு வந்துட்டா. வெயில்ல முந்தானையைத் தலையில போட்டுக்கிட்டு வரப்புல உக்காந்திருந்தா. நான் வாத்தியார் கணக்கா, இப்படி இழுக்கணும், இப்படி விடணும்னு அத்தானுக்குச் சொல்லிக் கொடுத்தேன். அத்தான் முதல் குண்டைச் சுட்டுட்டுக் கையை உதறுனாரு. ரெண்டாவது, மூணாவது போகப் போக முகத்துல ஒரு சிரிப்பு வந்துச்சு. ஒரு தடவைகூட மக்கர் பண்ணலை. "நம்பலாமால?"ன்னு அக்கா கேட்டா. "கண்ணை மூடிக்கிட்டு நம்பலாம்"னேன்.

உப்புக் காத்துக்கு இரும்பு நாலு நாள்ல பூத்துப் போகும். அதனால தையல் மிஷின் எண்ணெய் போட்டுத் துடைக்கிற வேலையை அக்கா எடுத்துக்கிட்டா. சாயங்காலம் அத்தான் கடையை விட்டு வந்ததும் துப்பாக்கியை வாங்கி, துடைச்சு, பீரோவுல வச்சிருவா. காலையில அவரு சட்டை மாட்டிக்கிட்டு வெளிய கிளம்பும்போது எடுத்துக் கொடுப்பா. அந்த ஒரு வருஷம் அத்தான் நிமிந்து நடந்தாரு. வேம்பாருக்குப் போனாரு, வந்தாரு. யாரும் மறிக்கலை. எதிர்க்கடை அண்ணாச்சி மட்டும் அவரைப் பாத்தா முகத்தைத் திருப்பிக்கிடுவாரு. அத்தானுக்கு அதுதான் வருத்தம். "அண்ணாச்சி எங்கிட்டப் பேசி ஒரு வருஷம் ஆச்சு மாப்ளே"ன்னு சொல்லிச் சங்கடப்படுவாரு. "அடிக்க ஆள் விட்டவனுக்காக அழுத ஒரே ஆளு நீங்கதான்"னு நான் எரிஞ்சு விழுவேன்.

மறு கோடை வந்துச்சு. வெயில் கொளுத்துச்சு. இடுப்பு வார்ல துப்பாக்கியை வச்சா வேர்க்குரு வந்து புண்ணாகுதுன்னு, மடிச்சுக் கட்டின வேட்டியோட மடியில வைக்க ஆரம்பிச்சிருந்தாரு. எங்க ஆளுக வெத்திலைப் பொட்டணமும் சில்லறையும் வைக்கிற அதே இடம். யாரும் எதிர வந்தா ஒரு கையால துப்பாக்கியை அமுக்கிப் பிடிச்சுக்கிட்டு மறு கையாலதான் வேட்டிய இறக்குவாரு. நான் பாத்தேன், ஒண்ணும் சொல்லலை. எல்லாரும் எல்லாத்தையும் அங்கனதான வைக்கோம், இதுல சொல்ல என்ன இருக்குன்னு நினைச்சிட்டேன்.

அன்னைக்கு எனக்கு ஆபீஸ் லீவு. காலையில பத்து மணி இருக்கும். அத்தான் கடை வாசல்ல கல் பாவின தரையில ஸ்டூலைப் போட்டு நான் பேப்பர் படிச்சுக்கிட்டிருந்தேன். அத்தான் வேட்டிய மடிச்சுக் கட்டிக்கிட்டு வாசல்ல தண்ணி தெளிச்சிட்டு நின்னாரு. அப்பதான் எதிர்க்கடை அண்ணாச்சி ரோட்டைத் தாண்டி நேரா எங்களைப் பாத்து வந்தாரு. கையில பித்தளைத் தட்டு, அதுல வெத்திலை பாக்கு, மஞ்சள் தடவின பத்திரிகை. மகளுக்குக் கல்யாணம் வச்சிருக்காரு, பகையை முடிச்சுக்கிட வாராருன்னு அந்தத் தட்டைப் பாத்ததுமே எனக்குப் புரிஞ்சுது. நான் எந்திரிச்சேன்.

அத்தான் நிமிந்து பாத்தாரு. முகம் அப்படியே மலந்து போச்சு. கையில இருந்த செம்பைக் கீழ வச்சிட்டு, "வாங்க அண்ணாச்சி"ன்னு சொல்லிக்கிட்டே, ரெண்டு கையாலயும் மடிச்ச வேட்டிய அவுத்து இறக்கி விட்டாரு. சின்னப் பிள்ளையில இருந்து வந்த பழக்கம். கை தானாப் போகும், புத்திக்குக் கேக்காது. மடியில இருந்த துப்பாக்கி கல்லுல விழுந்துச்சு. ஒரு சத்தம், அவ்வளவுதான். பட்டாசு அளவுக்குக்கூட இல்லை. அத்தான் அடிவயித்தைப் பிடிச்சுக்கிட்டு, என்னமோ தப்பு பண்ணிட்டவர் மாதிரி அண்ணாச்சியைப் பாத்துக்கிட்டே உக்காந்தாரு.

தட்டு உருண்டு ஓடிச்சு. அண்ணாச்சி அந்த வயசுல தரையில விழுந்து அத்தானை மடியில தூக்கிப் போட்டுக்கிட்டாரு. "ஏலே, உங்கிட்ட மரியாதை யாருலே கேட்டா? சண்டைக்காரன் வந்தா முறைச்சுக்கிட்டு நிக்க வேண்டியதானல? ஏன்லே வேட்டிய இறக்கின?"ன்னு நெஞ்சுல அடிச்சுக்கிட்டு அழுதாரு. அத்தானை அடிக்க ஆள் விட்டது அண்ணாச்சி இல்லைன்னு எனக்கு அந்த நிமிஷமே தெரிஞ்சு போச்சு. அந்த ரெண்டு பேரும் வேற கேஸ்ல பிடிபட்டு, இவருக்கும் அவனுகளுக்கும் சம்பந்தமே இல்லைன்னு ஆனது அப்புறம் பல மாசம் கழிச்சு.

பெரியாஸ்பத்திரில மூணு நாள் கிடந்தாரு. குண்டு குடல்ல பட்டிருச்சு, சீழ் பிடிச்சிருச்சுன்னாங்க. புது ஊசி மருந்துக்கு மெட்ராஸுக்குத் தந்தி அடிச்சோம். ரெண்டாம் நாள் கண்ணைத் திறந்து, "அண்ணாச்சிக்குக் காப்பி கொடுத்தீங்களா?"ன்னு கேட்டாரு. கொடுத்தோம்னு சொன்னேன். கொடுக்கலை. அப்புறம் என் கையைப் பிடிச்சுக்கிட்டு, "உள்ள தோட்டா கிடையாது மாப்ளே. குழாய் காலியாத்தான் இருந்துச்சு"ன்னாரு. எனக்குக் கோபம் பொத்துக்கிட்டு வந்துச்சு. படிச்சுப் படிச்சுச் சொன்னேனே, கேக்காம ஏத்தி வச்சிட்டு இந்த நேரத்துலயும் பூசி மெழுகுதாரேன்னு. "இல்லாமயா அத்தான் வெடிச்சுது?"ன்னு கேட்டுட்டேன். அவரு என் கையை விட்டுட்டாரு. அக்கா கால்மாட்டுல நின்னு அவரு பாதத்தைத் தேச்சுக்கிட்டிருந்தா. மறுநாள் மத்தியானம் போயிட்டாரு. மருந்து அதுக்கு அடுத்த நாள் ரயில்ல வந்துச்சு.

போலீஸ் விசாரணை நடந்துச்சு. கடைத்தெருவுல பாத்தவங்க பாதிப் பேரு, "அண்ணாச்சியைப் பாத்ததும் மடியில கை வச்சாரு, வெடிச்சுது"ன்னு சொல்லிட்டாங்க. பகை எல்லாருக்கும் தெரியும்லா, சுடத்தான் போனாருன்னு பேச்சு கிளம்பிருச்சு. அண்ணாச்சிதான் ஸ்டேஷன் வாசல்ல நின்னு, "அவன் என்னையச் சுட வரலை சாமி, எனக்கு வேட்டிய இறக்கி விட்டான்"னு சத்தியம் பண்ணினாரு. இன்ஸ்பெக்டர் பிறந்ததுல இருந்து கால்சட்டை போட்டு வளந்த மனுஷன். அவருக்கு இது விளங்கலை. "ஆடையைச் சரி செய்யும்போது தவறி விழுந்து வெடித்தது"ன்னு எழுதினாரு. எனக்கு உடம்பெல்லாம் எரிஞ்சுது. "சரி செய்யலைய்யா, மரியாதை செஞ்சாரு. அதை எழுதுங்க"ன்னேன். ஒரு அதட்டு அதட்டி என்னைய வெளிய அனுப்பிட்டாரு. துப்பாக்கியை மெட்ராஸுக்கு அனுப்பிச் சோதிச்சுட்டு, ஒரு குறையும் இல்லைன்னு எழுதி வந்துச்சு. அதைத் திரும்ப வாங்க யாருக்கு மனசு வரும்? சர்க்காருக்கே விட்டுட்டோம்.

அதுக்கப்புறம் பதினஞ்சு வருஷம் நான் அத்தானோட மனசுக்குள்ளயே சண்டை போட்டேன். ஏன் அத்தான் ஏத்தி வச்சீங்க? எத்தனை தடவை சொன்னேன்? ஆபீஸ்ல உக்காந்திருக்கும்போதும் வரும், குளிக்கும்போதும் வரும். செத்த மனுஷன் மேல கோபப்படுதியேன்னு என்னையவே திட்டுவேன். ஆனா கோபம் போகலை. அவரு மேல கோபப்பட்டாத்தான் நான் தேர்ந்தெடுத்த துப்பாக்கியைப் பத்தி நினைக்காம இருக்க முடிஞ்சுது, அதான் உண்மை. அக்கா மில்லர்புரத்துல ஒரு சின்ன வீட்டுல மகளோட இருந்தா. ராத்திரி தூங்கவே மாட்டேங்கா, எந்த டாக்டர் மருந்துக்கும் கேக்கலைன்னு அந்தப் பிள்ளை எங்கிட்டச் சொல்லிச் சொல்லி அழும்.

வேம்பார்ல ஒரு சாவுக்குப் போயிட்டு அக்காவும் நானும் பகல் பஸ்ஸுல திரும்பி வந்துக்கிட்டிருந்தோம். உடங்காட்டுப் பக்கம் வரும்போது இஞ்சின் சூடாயிருச்சுன்னு பஸ்ஸை நிறுத்திட்டாங்க. பாதிப் பேரு இறங்கி நிழலுக்குப் போயிட்டாங்க. அக்கா சன்னல் வழியா வெளிய பாத்துக்கிட்டே இருந்தா. அத்தானை மறிச்ச இடம் அது. நான் பேச்சை மாத்தலாம்னு வாயைத் திறந்தேன்.

"ஏலே, ஒண்ணு கேக்கேன். மறைக்காமச் சொல்லணும்"னா. என் முகத்தைப் பாக்கலை. "அவுக குழாயைக் காலியாத்தாம்ல வச்சிருப்பாக. நீ சொன்னதை அவுக மீறினதே இல்லை. நான்தான் காலையில எடுத்துக் கொடுக்கும்போது இழுத்து ஏத்திக் கொடுப்பேன். அவுகளுக்குத் தெரியாது. எவனாவது பாய்ஞ்சு வந்தா இழுக்க நேரம் இருக்குமா, இவுக கும்பிட்டுக்கிட்டு நிக்க ஆளாச்சேன்னு பயம். உப்பளத்துல நீ சொல்லிக் கொடுக்கும்போது பாத்து வச்சிருந்தேன். சாயங்காலம் துடைக்கும்போது அதை எடுத்துருவேன். ஒரு வருஷமும் அப்படித்தான் செஞ்சேன்." சன்னல் கம்பியைப் பிடிச்சுக்கிட்டா. "நான் இழுத்து வச்சதுனாலயால வெடிச்சுது? துப்பாக்கியைப் பத்தி உனக்குத்தான் தெரியும். நீ சொல்லு."

அத்தான் பொய் சொல்லலை. சாகப் போற மனுஷன் என் கையைப் பிடிச்சுக்கிட்டு உண்மையத்தான் சொல்லியிருக்காரு. அதை அக்கா கேட்டுக்கிட்டு, பாதத்தைத் தேச்சுக்கிட்டு நின்னிருக்கா. பதினஞ்சு வருஷமா என் வீட்டுக்கு வரும்போதெல்லாம் இந்தக் கேள்வியை வச்சுக்கிட்டுத்தான் எங்கிட்டக் காப்பி வாங்கிக் குடிச்சிருக்கா. அடக் கடவுளே, ஆமான்னு எப்படிச் சொல்லுவேன்? ஆமாதான் பதிலு. குழாய் காலியா இருந்தா எந்தக் கல்லுல விழுந்தாலும் அது வெடிச்சிருக்காது.

"இல்லக்கா"ன்னேன். "நீ இழுத்தாலும் இழுக்காட்டியும் அது வெடிச்சிருக்கும். துப்பாக்கியே சரியில்லை. கடைக்காரக் கிழவர் அன்னைக்கே சொன்னாரு, இது வேண்டாம், கீழ விழுந்தா வெடிக்கும், ரிவால்வரை வாங்குங்கன்னு. நான்தான் அழகைப் பாத்து இதை வாங்க வச்சேன்."

"அப்ப நான் இல்லையா?"

"நீ இல்லக்கா."

அவ அழுதா பாருங்க, பஸ்ஸுல இருந்தவங்க எல்லாம் திரும்பிட்டாங்க. சாவு வீட்டுல அழாத அழுகையை அங்கன அழுதா. நானும் அழுதேன். ரொம்ப நேரம் கழிச்சு முந்தானையால முகத்தைத் துடைச்சா. அப்பதான் என்னையத் திரும்பிப் பாத்தா.

"கிழவன் வேண்டாம்னானா?"

"ஆமாக்கா."

"உங்கிட்டத்தான நம்பலாமான்னு கேட்டேன்?"

அக்கா எந்திரிச்சு, முன்னால காலியா இருந்த சீட்டுல போயி உக்காந்துக்கிட்டா. தூத்துக்குடி வார வரைக்கும் திரும்பலை. இறங்கும்போது நான் பையை வாங்கக் கையை நீட்டினேன், கொடுக்கலை. அதுக்கப்புறம் ஒன்பது வருஷம் இருந்தா. எங்க வீட்டு வாசப்படி மிதிக்கலை, ஒரு வாய்த் தண்ணி குடிக்கலை.

பஸ்ஸுல பேசினதுக்கு அடுத்து வந்த பொங்கலுக்கு அவ மக மட்டும் வந்துச்சு. "மாமா, அம்மா இப்ப ராத்திரி நல்லாத் தூங்குதா"ன்னு சொல்லுச்சு. "உங்க மேல என்ன கோபம்னு கேட்டா சொல்ல மாட்டேங்கா. ஆனா படுத்த உடனே தூங்கிருதா, மாமா."